ஆயாவின் நோன்புக் கயிறு

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – வேதியியல்)

புரட்டாசி பிறந்துவிட்டால் எங்கள் ஆயாவை ஓரிடத்தில் பிடித்து உட்கார வைக்க முடியாது. மற்ற நாள்களில் முழங்கால் வலி என்று திண்ணையை விட்டு எழாதவர், புரட்டாசி முதல் சனிக்கிழமையில் தொடங்கிக் கார்த்திகை தீபம் முடியும் வரை வலி என்ற சொல்லையே வாயில் எடுக்கமாட்டார். யார் வருவார், யாருக்கு எத்தனை படி அரிசி, எந்தச் சாமிக்கு எந்தக் கிழமை என்பதெல்லாம் அவர் மனத்திலேயே இருக்கும். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆயினும் அவர் கணக்குத் தவறி நான் கண்டதில்லை.

ஆயா என்றதும் தென்மாவட்டத் தோழி ஒருத்தி, "பள்ளிக்கூடத்தில் வேலை செய்பவரா?" என்று கேட்டாள். வட ஆர்க்காட்டுக்காரர்களாகிய நமக்கு ஆயா என்றால் பாட்டி. அம்மா என்ற சொல்லுக்கும் ஒரு படி மேலே வைத்து நாங்கள் சொல்லும் சொல் அது.

ஆரணியைப் பற்றி இம்மலரைப் படிப்பவர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. பட்டுக்கும் அரிசிக்கும் பெயர் பெற்ற ஊர். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. அந்தக் குறியீட்டால் நெய்கிறவர் கூலி எவ்வளவு உயர்ந்தது என்று கேட்டால் எங்கள் தெருவில் சிரிப்பார்கள். அது வேறு கதை. எங்கள் வீட்டில் இரண்டு குழித்தறிகள். ஒன்றில் அப்பா நெய்கிறார், அம்மா துணை. மற்றொன்று தாத்தாவின் தறி. அவருக்குப் பின் சித்தப்பா அதில் நெய்தார். 2020இல் கொரோனா ஊரடங்கு வந்து பல மாதம் பாவு கிடைக்காமல் போயிற்று. முதலாளியிடம் வாங்கிய முன்பணம் மட்டும் அப்படியே நின்றது. மறு ஆண்டு சித்தப்பா தறியை விட்டு இறங்கி ஓசூரில் ஒரு தொழிற்சாலைக்குப் போய்விட்டார். போகும்போது, வீட்டில் தன் பாகத்தைப் பிரித்துக் கொடுத்தால் விற்றுக் கடனை அடைப்பேன் என்றார். அப்பா மறுத்தார். இருவரும் சொல்லக்கூடாத வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டார்கள். அதன்பிறகு மூன்று தீபாவளி வந்து போயிற்று, சித்தப்பா வரவில்லை.

நான் எழுதப் போவது நான்காவது தீபாவளி வந்த 2024ஆம் ஆண்டைப் பற்றி.

அவ்வாண்டு புரட்டாசியில் நான்கு சனிக்கிழமைகள். மூன்றாம் சனிக்கிழமை எங்கள் வீட்டில் தளிகை. அதற்கு முன் என் தம்பிக்கு நாமம் இட்டு, கையில் பித்தளைச் சொம்பைக் கொடுத்து, "கோவிந்தா" என்று சொல்லி வீடு வீடாக அரிசி வாங்கி வரச் சொல்வார் ஆயா. ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிட்ட தம்பிக்கு அதில் கூச்சம். "நம்ம வீட்லதான் அரிசி இருக்குதே" என்று முரண்டு பிடித்தான்.

"இருக்குதுன்னு சொல்லிக்கினு பெருமாளுக்கு ஆக்கக்கூடாதுடா. நாலு வூட்டு அரிசி சேரணும்" என்றார் ஆயா.

நாங்கள் விபூதி பூசும் குடும்பம். பெருமாளுக்குத் தளிகை ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "வர்றவங்கள வேணாம்னு சொல்லுவாங்களா?" என்று பதில் வந்தது. சாமியைக்கூட அவர் விருந்தாளிக் கணக்கில்தான் வைத்திருக்கிறார் என்று அப்போது தோன்றியது. தளிகைக்குத் தேவிகாபுரத்திலிருந்து அத்தையும் பிள்ளைகளும் வந்தார்கள். ஒண்ணுபுரத்திலிருந்து தாத்தாவின் தங்கை வந்தார். சர்க்கரைப் பொங்கல், வடை, சுண்டல், மாவிளக்கு. நான்கு வீட்டு அரிசியில் புழுங்கல் கொஞ்சம் கலந்திருந்ததால் பொங்கல் ஒரு மாதிரிதான் வந்தது. யாரும் குறை சொல்லவில்லை.

மகாளய அமாவாசை அக்டோபர் 2ஆம் தேதி வந்தது. தாத்தாவுக்குப் படையல் இட்டோம். அக்டோபர் 11, ஆயுத பூசை. அன்று தறிக்கு ஓய்வு. நாடா, அச்சு, தார் சுற்றும் இராட்டை எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் இட்டார்கள். ஆயா என் வேதியியல் பாடநூலையும் செய்முறைப் பதிவேட்டையும் வாங்கித் தாத்தாவின் தறிமேல் வைத்தார். சும்மா நிற்கும் தறியில் எதற்கு என்று அப்பா முணுமுணுத்தார். "சும்மா எங்க நிக்குது? இப்ப புள்ள புஸ்தகம் வெச்சிருக்கில்ல?" என்றார் ஆயா. எனக்கு அது கொஞ்சம் பெருமையாகவும் கொஞ்சம் பாரமாகவும் இருந்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான்.

இங்கே ஒன்று சொல்ல விரும்புகிறேன். புரதங்களைப் பற்றிய பாடத்தில், பட்டு இழையின் உள்ளே இருப்பது பைப்ரோயின் என்றும், அதன்மேல் பசைபோல் மூடியிருப்பது செரிசின் என்றும், கச்சாப் பட்டின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு இந்தப் பசைதான் என்றும் பேராசிரியர் சொன்னார். சோப்பும் சோடாவும் கலந்த நீரில் காய்ச்சினால் பசை கரைந்துபோகும். அதன்பின்தான் பட்டுக்கு மினுமினுப்பும் மென்மையும் வரும். இதைத்தான் எங்கள் ஆயா, "பட்டு தலைமுழுவிட்டு வந்தாத்தான் சாயம் புடிக்கும்" என்பார். வகுப்பில் அவர் நினைவு வந்து நான் சிரித்துவிட்டேன். பேராசிரியர் காரணம் கேட்கவில்லை. இப்போது படித்தால் அறிந்துகொள்வார்.

இனி நோன்புக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் தீபாவளியைவிடப் பெரியது கேதார கௌரி நோன்பு. பார்வதி தேவி 21 நாள் விரதமிருந்து சிவபெருமானின் உடலில் பாதியைப் பெற்றார் என்பது கதை. புரட்டாசி வளர்பிறைத் தசமியில் தொடங்கி ஐப்பசி அமாவாசையில் முடிப்பது முறை. பெரும்பாலும் இப்போது கடைசி நாள் மட்டும்தான் இருக்கிறார்கள். ஆயா 21 நாளும் ஒருவேளை உணவுதான். அதிரசம் 21, வெற்றிலை 21, பாக்கு 21, மஞ்சள் 21, வாழைப்பழம் 21 என்று எல்லாம் இருபத்தொன்றாக வைக்க வேண்டும். கயிறும் 21 இழை, 21 முடிச்சு.

அதிரசம் சுடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன், இன்னும் கைவரவில்லை. பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, கையில் ஈரம் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும்போதே இடித்துச் சலிக்க வேண்டும். வெல்லப் பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, விரலால் உருட்டிப் பார்ப்பார் ஆயா. உருண்டால் இறக்கிவிட வேண்டும். ஒரு நொடி தாமதித்தால் அதிரசம் கல்லாகிவிடும். முந்திவிட்டால் எண்ணெயில் கரைந்துவிடும். ஆய்வகத்தில் தரம்பார்த்தலின்போது ஒரு சொட்டில் நிறம் மாறுமே, அந்த ஒரு சொட்டுக்காக நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போமே, அதே நிலைதான். ஆயாவுக்கு நிறங்காட்டி அவருடைய ஆட்காட்டி விரல்.

கயிறு செய்வது அதைவிட நீண்ட வேலை. நூல்கண்டை வாங்கிவந்து, 21 இழையாக ஒன்றுசேர்த்து முறுக்கி, மஞ்சளில் தோய்த்து, முடிச்சுப் போட வேண்டும். அவ்வாண்டு 14 கயிறு. இழைக் கணக்குப் பார்த்தால் 294. வீடு முழுக்கப் பட்டு நூல் கிடக்கும்போது பருத்தி நூலைக் காசு கொடுத்து வாங்குவானேன்? அறுந்த இழைகளைச் சேர்த்தாலே போதுமே? இப்படி நான் கேட்டபோது ஆயா சொன்ன பதிலை என்னால் மறக்க முடியவில்லை.

"பட்டு மொதலாளி பொருளுடி. அதுல நம்ம சாமிக்குக் கயிறு முறுக்கக்கூடாது."

நூலுக்கும் வெல்லத்துக்கும் எண்ணெய்க்கும் அவர் அப்பாவிடம் காசு கேட்பதில்லை. பக்கத்து வீடுகளுக்குத் தார் சுற்றிக் கொடுத்துக் கிடைக்கும் கூலியை ஒரு மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருப்பார். வந்து போகிறவர்களுக்கு வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுக்கும் ரூபாயும் அதிலிருந்துதான்.

அக்டோபர் 31, வியாழக்கிழமை தீபாவளி. பெரியப்பாவின் மகளுக்கு அது தலைத்தீபாவளி. புது மாப்பிள்ளையும் அக்காவும் முதல் நாளே காஞ்சிபுரத்திலிருந்து வந்துவிட்டார்கள். மறுநாள் வெள்ளிக்கிழமையும் அரசு விடுமுறை விட்டிருந்ததால் வாலாஜாப்பேட்டை அத்தை குடும்பமும் வந்துவிட்டது. படுக்க இடமில்லை. மாப்பிள்ளைக்கு அறையைக் கொடுத்துவிட்டு, நானும் தம்பியும் அப்பா தறிக்கும் தாத்தா தறிக்கும் நடுவே பாய் விரித்துக்கொண்டோம்.

வெள்ளிக்கிழமை நோன்பு. முறத்தில் எல்லாவற்றையும் அடுக்கிக் கோயிலுக்கு எடுத்துப்போய்ப் படைத்துவிட்டு வந்தோம். திரும்பியதும் ஆயா ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் கயிறு கட்டினார். பதினொருவர்தான் இருந்தோம். தட்டில் மூன்று கயிறு மிச்சம். யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை. சித்தப்பா, சித்தி, அவர்கள் மகள்.

அன்று சாப்பாடு முடிந்தபின் பெரியவர்கள் தறிகளைப் பற்றிப் பேசினார்கள். தாத்தாவின் தறியை எடுத்துவிட்டுக் குழியை மூடினால் அந்த இடத்தை வாடகைக்கு விடலாம், என் தங்கைக்கும் வரும் ஆண்டு கல்லூரிச் செலவு இருக்கிறதே என்றார் பெரியப்பா. கூலிக்கு ஆள் வைத்து நெய்யலாமே என்றார் அத்தை. நெய்ய ஆள் எங்கே இருக்கிறது என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்விதான். எங்கள் தெருவில் என் வயதுப் பையன் ஒருவன்கூடத் தறியில் இல்லை. வெளியே மலிவாக விசைத்தறிச் சேலை வந்து குவிகிறது. சில வகைத் துணிகளைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கிய சட்டம் 1985இலிருந்து இருக்கிறது; கடையில் சேலை வாங்குகிறவர்கள் அதையெல்லாம் கேட்பதில்லை. பேச்சு முடியட்டும் என்று ஆயா காத்திருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "ஒரு கவர் எடுத்தாந்து ஓசூர் விலாசம் எழுதுடி கண்ணு" என்றார்.

எல்லாரும் அமைதியானார்கள். அப்பாதான் பேசினார்.

"திருப்பி அனுப்பிச்சிட்டான்னா இன்னாம்மா பண்ணுவ?"

"திரும்பி வந்தா வூட்டுக்கு வந்த கயிறு. தறிக்குக் கட்டி வெப்பேன்."

மூன்று கயிற்றையும் ஆறு அதிரசத்தையும் கட்டிச் சனிக்கிழமை அஞ்சலகத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். திரும்பி வரவில்லை. ஆனால் சித்தப்பாவிடமிருந்து தொலைபேசியும் வரவில்லை. ஐப்பசி முழுவதும் ஆயா அதைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. கந்த சஷ்டி வந்தது. ஆறு நாளும் கோயிலுக்குப் போய் வந்தார். உறவுக்காரர் ஒருவர் வீட்டு வளைகாப்புக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அவருடைய நம்பிக்கையை நான் அப்போது கவனித்துப் பார்த்தேன். சாமி முன்னால் நிற்கும்போது எதையும் கேட்கிறவராகத் தெரியவில்லை. பெயர்களைத்தான் வரிசையாகச் சொல்வார். மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள், முதலாளி வீட்டில் உடம்பு சரியில்லாத அம்மா, தார் சுற்றக் கொடுக்கும் பக்கத்து வீட்டுக்காரர்கள். ஆசிரியர் வருகைப் பதிவேடு வாசிப்பதுபோல் இருக்கும். ஓசூர்ப் பெயர்கள் மூன்றும் அதில் எப்போதும் உண்டு.

நவம்பர் 30ஆம் தேதி இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அதன்பின் பெய்த மழையை நம் மாவட்டத்தார் யாரும் மறந்திருக்க முடியாது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் என்று செய்தியில் சொன்னார்கள். டிசம்பர் 1ஆம் தேதி திருவண்ணாமலையில் மலைச்சரிவில் மண் சரிந்து வீட்டின்மேல் விழுந்து, குழந்தைகள் உட்பட ஏழு பேர் இறந்துபோனார்கள்.

நெசவாளர் வீட்டில் மழை என்றால் என்ன என்பதைச் சொல்லியாக வேண்டும். வெயில் காலத்திலேயே பட்டு தன் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் பொருள். அடைமழையில் இழைகள் தொய்ந்து ஒன்றோடொன்று ஒட்டும், நாடா ஓடாது. அதற்கு மேல், குழித்தறியின் குழியில் தரையிலிருந்தே ஊற்றெடுத்துத் தண்ணீர் நிற்கும். மிதிகள் மூழ்கிவிட்டால் நெய்கிறவர் கால் எங்கே வைப்பார்? ஞாயிறு இரவு அப்பாவின் தறிக்குழியில் முழங்கால் அளவு நீர். ஓட்டிலிருந்து வேறு ஒழுகியது. பாவில் மூன்றாவது சேலை பாதி முடிந்திருந்தது. நனைந்து சாயம் இறங்கினால் அந்தச் சேலையின் விலை எங்கள் தலையில் விழும். படமரத்தில் சுற்றிய துணிக்கும் பாவுக்கும் பாலித்தீன் விரிப்புகளைப் போர்த்திக் கட்டினோம். அப்பாவும் அம்மாவும் நானும் தம்பியும் மாற்றி மாற்றி இறைத்தோம். இறைக்க இறைக்க ஊறியது. ஆயா ஒரு பக்கம் உட்கார்ந்து சின்னச் சொம்பால் மொண்டு வாளியில் ஊற்றிக்கொண்டிருந்தார். புரட்டாசியில் தம்பி அரிசி வாங்கிய அதே பித்தளைச் சொம்பு.

மழை விட்டபின்னும் நீர் வற்றவில்லை. செவ்வாய்க்கிழமை விடியற்காலை கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால் சித்தப்பா. தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு இரவு வேலையிலிருந்து அப்படியே பஸ் ஏறி, வேலூர் வழியாக வந்திருக்கிறார். பேண்ட் முழுக்கச் சேறு. வலது மணிக்கட்டில் கயிறு. மஞ்சள் வெளுத்து வெள்ளையாகியிருந்தது.

ஆயா எழுந்து வந்து பார்த்தார். "சோறு துன்னியாடா?" என்றார். மூன்று ஆண்டுக்குப் பிறகு சொன்ன முதல் வார்த்தை அதுதான். சித்தப்பா பதில் சொல்லாமல் பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு குழிக்குள் இறங்கினார். அவரும் அப்பாவும் அன்று பகல் முழுவதும் இரண்டு குழிகளையும் இறைத்துச் சாம்பலும் மணலும் போட்டு உலர்த்தினார்கள். "வாளியக் குடு", "அந்தப் பலகையத் தூக்கு" என்பதைத் தவிர இருவரும் வேறு பேசியதாக எனக்கு நினைவில்லை. தாத்தாவின் தறியில் மிதிக்கயிறு ஒன்று இற்றுப் போயிருந்தது. நெய்யாத தறிக்கு எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. சித்தப்பா புதுக்கயிறு மாற்றிக் கட்டினார். சாயங்காலம் கிளம்பும்போது, "பாகத்தப் பத்தித் தையில பேசிக்கலாம்" என்றார் அப்பா. சித்தப்பா தலையாட்டினார். அவ்வளவுதான். கட்டிப்பிடித்து அழுதார்கள் என்று எழுதினால் கதைக்கு நன்றாக இருக்கும், ஆனால் நடக்கவில்லை.

சேலை தப்பித்தது. ஓரத்தில் ஒரு சாண் அளவுக்கு மட்டும் கறை. அதற்குக் கூலியில் பிடித்துக்கொண்டார்கள்.

பத்து நாள் கழித்து, டிசம்பர் 13, கார்த்திகை தீபம். திருவண்ணாமலையில் 2,668 அடி உயர மலையின் உச்சியில் கொப்பரையில் ஏற்றும் தீபத்துக்கு, எங்கள் தெருவிலிருந்து மலை ஏறும் ஒருவரிடம் ஆயா ஆண்டுதோறும் ஒரு பாட்டில் நெய் கொடுத்தனுப்புவார். கால் நன்றாக இருந்தவரை 14 கிலோமீட்டர் கிரிவலம் போய் வந்தவர். இப்போது அந்த நெய்தான் அவர் சார்பில் போகிறது. மண்சரிவால் அவ்வாண்டு பக்தர்கள் மலை ஏறத் தடை விதித்துவிட்டார்கள். தீபம் ஏற்றும் உரிமையுள்ள பர்வதராஜ குலத்தினரும் கொப்பரையையும் நெய்யையும் கொண்டு செல்பவர்களும் மட்டுமே போனார்கள். ஆயாவின் பாட்டில் அலமாரியிலேயே இருந்தது. சாமிக்கென்று எடுத்து வைத்ததை என்ன செய்வது என்று நான் கவலைப்பட்டேன். அவர் கவலைப்படவில்லை.

மாலை ஆறு மணிக்குத் தொலைக்காட்சியில் மலைமேல் தீபம் தெரிந்தது. தெரு முழுவதும் விளக்கு ஏறியது. ஆயா அந்த நெய்யை அகல்களில் ஊற்றினார். வாசலில், மாடத்தில், அப்பாவின் தறியில், தாத்தாவின் தறிக்குழி விளிம்பில் வைத்தார். பிறகு என்னிடம், "மண்ணு விழுந்து போனவங்க எத்தினி பேருன்னு சொன்ன?" என்று கேட்டார். ஏழு என்றேன். ஏழு அகலைத் தனியாக எடுத்துத் திண்ணை ஓரத்தில் வரிசையாக வைத்து ஏற்றினார். அவர்கள் பெயர் அவருக்குத் தெரியாது; ஆகையால் எண்ணிக்கையை மட்டும் ஒன்று, இரண்டு என்று மெதுவாகச் சொன்னார்.

தெருவில் பையன்கள் மாவளி சுற்றினார்கள். பனம்பூவைச் சுட்டுக் கரியாக்கிப் பொடித்துத் துணியில் கட்டிச் சுற்றினால் தீப்பொறி வட்டமாகப் பறக்கும். அது கரித்துகள் காற்றின் ஆக்சிஜனில் எரிவதுதான் என்று தம்பிக்கு விளக்கினேன். "தெரியுது, நீ தள்ளி நில்லு" என்றான்.

மறுநாள் காலை பாட்டிலில் கால் பங்கு நெய் மிச்சமிருந்தது. ஆயா அதை மூடி அலமாரியில் வைத்துவிட்டு, மார்கழி பிறக்க எத்தனை நாள் இருக்கிறது என்று கேட்டார். இரண்டு நாள்தான் என்றேன். அப்படியானால் கோலமாவு வாங்க வேண்டும் என்று மஞ்சள் துணியை அவிழ்த்தார்.